எனக்குக் கடல் ஒத்துக்கொண்டது

கண்ணா,

இந்தக் கடிதத்தை உறைக்குள் வைத்திருக்கிறேனே தவிர, ஒட்டவில்லை. உன் அப்பா எடுத்துப் படித்தாலும் சரி, எதிர்வீட்டு மாமி படித்தாலும் சரி, எனக்கு இனிமேல் ஒளிக்க ஒன்றுமில்லை. நாளை மத்தியானம் உங்கள் கப்பல் கிளம்புகிறது. இதையெல்லாம் முந்தாநாள் சாப்பாட்டு வேளையிலேயே, கையிலிருந்த சாம்பார்க் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, உன் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நீ கேட்டாய் என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றினேன். அதனால் இந்தக் கோபத்தில் பாதி உன் மேல், பாதி என் மேல். நீ டிக்கெட் விஷயமாக ஃபோர்ட்டில் இருக்கும் கப்பல் கம்பெனிக்குப் போயிருக்கிறாய். அப்பா ஆபீஸில். உன் பெண்டாட்டி ஜெயா உள்ளே பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருக்கிறாள். தாமதமாகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் கப்பல் இன்னும் கரையில்தானே நிற்கிறது.

நீ சொன்னது உனக்கே நினைவிருக்காது, அவ்வளவு சுலபமாகச் சொன்னாய். ஜெயா அப்பளம் பொரித்துக்கொண்டே, "கப்பல்ல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்துதான் சாப்பிடணுமா?" என்று கேட்டாள். நீ தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உனக்கு அந்தக் கவலையே வேண்டாம். நீ கேபின்லயே இருந்துடு. அம்மாவுக்குப் பதினெட்டு நாளும் கடல் ஒத்துக்கலை, படுத்த படுக்கையா இருந்தா. நான் ஏதாவது எடுத்துண்டு வந்து தரேன்" என்றாய். உன் அப்பா மோர்சாதத்தைப் பிசைந்தபடியே, "ஆமாம், பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டா" என்றார். நாம் மூன்று பேரும் கப்பலில் லண்டனுக்குப் போய்ப் பதினாலு வருஷம் ஆகிவிட்டது. அதே குரல், அதே இரக்கமான முகம். ஜெயா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஊறுகாய் ஜாடியைத் தேடுகிறவள் மாதிரி அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதோடு நின்றிருந்தால், பெண்டாட்டி உடம்பைப் பற்றி உனக்குக் கவலை என்று நானே என்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். நேற்று உன் சிநேகிதன் வந்தான். நான் காபி எடுத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. "ஏண்டா, புதுப் பொண்டாட்டியைக் கீழேயே அடைச்சு வெச்சுட்டு நீ மட்டும் மேலே டான்ஸ் பார்க்கப் போறியா?" என்று அவன் கேட்டான். "சும்மா இரு. அதே கப்பல்ல எங்க கம்பெனிக்காரா ரெண்டு பேர் வரா. இவ டைனிங் ஹால்ல உட்கார்ந்துண்டு, 'பாய்சாப், தோடா சாவல் லாவ்'னு ஆரம்பிச்சான்னா நான் கடல்ல குதிக்க வேண்டியதுதான்" என்றாய் நீ. 'அண்ணா, கொஞ்சம் சாதம் கொண்டு வா' என்று அவள் ஹிந்தியில் கேட்பாளாம், அது உனக்குக் கேலி. இரண்டு பேரும் சிரித்தீர்கள். அந்தக் காபியை உங்கள் தலையில் கொட்டாமல் ஸ்டூலில் வைத்துவிட்டு வந்தேன் பார், அதுதான் நான் நேற்றுச் செய்த பெரிய காரியம்.

இப்போது கேள். எனக்குக் கடல் ஒத்துக்கொண்டது. முதல் நாள் ராத்திரி மட்டும் கொஞ்சம் வயிற்றைப் புரட்டியது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு படுத்தேன், விடிந்ததும் போய்விட்டது. மீதிப் பதினேழு நாளும் எனக்குத் தலைவலிகூட வரவில்லை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உனக்கு எட்டு. இண்டர் முடித்த கையோடு எனக்குக் கல்யாணம் செய்துவிட்டார்கள், ஆனால் அந்த இரண்டு வருஷமும் கல்லூரியில் இங்கிலீஷில் முதலாக வந்தவள் நான். லண்டன் ஆபீஸுக்கு மாற்றலானபோது உன் அப்பா எழுதிய கடிதங்களில் பிழை திருத்திக் கொடுத்ததும் நான்தான். கப்பலில் முதல் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று பேருமாகப் போனோம். நம் மேஜையில் அப்பாவின் மேலதிகாரியும் அவர் மனைவியும். பெரிய பாத்திரத்தில் சாதம் வந்தது. நீ முள்கரண்டியை வைத்துக்கொண்டு திண்டாடினாய். பசியில் உனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சாதத்தைக் கையால் பிசைந்து, உருட்டி, உன் வாயில் ஊட்டினேன். பிறகு நானும் அதே கையால் சாப்பிட்டேன். அவ்வளவுதான் கண்ணா நடந்தது. மேலதிகாரியின் மனைவி தன் கணவரைப் பார்த்து லேசாகப் புருவத்தைத் தூக்கினாள். உன் அப்பாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் எல்லாப் பிரயாணிகளும் மிதவைச் சட்டையைக் கட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று மணி அடித்தார்கள். அது கப்பலின் சட்டம், யாரும் தப்பமுடியாது. அப்போதுதான் நான் முதல் முறையாகக் கடலைக் கரையில்லாமல் பார்த்தேன். நான்கு பக்கமும் தண்ணீர். என் புடவைத் தலைப்பு கொடி மாதிரி அடித்துக்கொண்டது. எனக்குச் சிரிப்பாக வந்தது, காரணமே இல்லாமல் சிரித்தேன். உன் அப்பா பக்கத்தில் வந்து, உதடு அசையாமல், "எல்லாரும் பார்க்கறா. கீழே போ" என்றார். "ஏன்னா, கொஞ்ச நேரம் இருக்கேனே" என்றேன். "உனக்கு உடம்பு சரியில்லைன்னு அவாகிட்ட சொல்லிட்டேன். இங்கே நின்னுண்டு சிரிச்சா என்ன நினைச்சுப்பா?" என்றார். நான் கீழே போனேன். அதற்கப்புறம் ஒரு தரம்கூட மேலே ஏறவில்லை. லண்டனிலிருந்து திரும்பும்போது ஆபீஸில் அவசரமாக விமானத்தில் அனுப்பிவிட்டார்கள். ஆக, என் ஆயுசுக்குக் கப்பல் என்பது அந்த ஒன்றுதான்.

இதில் உன் அப்பாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நான் நழுவப் போவதில்லை. மூன்றாம் நாள் கப்பல் டாக்டர் என்னைப் பார்க்க வந்தார். மேலதிகாரி மனைவி அக்கறைப்பட்டு அனுப்பியிருக்கிறாள். நல்ல மனுஷர். நாக்கை நீட்டச் சொன்னார், நாடி பார்த்தார், கொஞ்சம் குழம்பினார். "இன்னும் தலை சுற்றுகிறதா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன், நல்ல இங்கிலீஷில். இல்லாத வியாதிக்கு நாலு நாள் மாத்திரை சாப்பிட்டேன். அந்த மாத்திரைதான் எனக்கு மயக்கத்தைக் கொடுத்தது. அதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. நீ ஒரு நாள் மூச்சிரைக்க ஓடி வந்தாய். "அம்மா, அம்மா, மீன் பறக்கறது! நிஜமா பறக்கறது! வா, சீக்கிரம் வா!" என்று என் கையைப் பிடித்து இழுத்தாய். "தலை சுத்தறதுடா கண்ணா, நீ போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றேன். நீ என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு ஓடிவிட்டாய். நீ முந்தாநாள் ஜெயாவிடம் சொன்ன பொய்யை உனக்குச் சொல்லிக்கொடுத்தது உன் அப்பா இல்லை. நான்.

அதனால்தான் உனக்கு அந்தக் கப்பல் அவ்வளவு இனிப்பாக ஞாபகத்தில் இருக்கிறது. சினிமா, ஐஸ்கிரீம், வெள்ளைக்காரப் பையன்களோடு ஓட்டப்பந்தயம். "எனக்குக் கப்பலைப் பத்தி எல்லாம் தெரியும்மா" என்று நீ சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உனக்குத் தெரிந்தது எட்டு வயசுப் பையனின் கப்பல். கீழே அறையில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் அந்தக் கப்பல் எப்படி ஓடுகிறது என்று தெரியும். எப்படித் தெரிந்தது என்கிறாயா? நம் அறையைப் பெருக்கிப் படுக்கை போட வந்த ஸ்டூவர்டு டிசூஸா, கோவாக்காரன், என் வயதுதான் இருக்கும், வாய் ஓயாதவன். நான் மாதுங்கா மார்க்கெட்டில் கற்றுக்கொண்ட அரைகுறை ஹிந்தியில் ஒரு கேள்வி கேட்டால் அவன் பத்துப் பதில் சொல்வான். "பாயி, ஆப் ஊபர் க்யோன் நஹி ஜாத்தீ?" என்று தினமும் கேட்பான். அம்மா, நீங்கள் மேலே ஏன் போவதில்லை என்று. நான் தலையைப் பிடித்துக் காட்டுவேன். அவன் நம்பவில்லை. நான் வாங்கிச் சாப்பிட்ட சாதத்தின் அளவு அவனுக்குத்தானே தெரியும்.

அவன் சொன்னதையெல்லாம் இப்போது உனக்குச் சொல்கிறேன். கோபமாக இருக்கிறேன் என்பதற்காக உபயோகமானதைச் சொல்லாமல் விடுகிறவள் இல்லை நான். கப்பலில் ஏறியவுடன் எல்லாரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள், கையாட்டுவார்கள். அதில் மயங்கி நிற்காதே. இரண்டு காரியம் உடனே ஆக வேண்டும். ஒன்று, சாப்பாட்டுக் கூடத்துத் தலைமை ஸ்டூவர்டைப் பார்த்து மேஜை எழுதி வாங்குவது. இரண்டு பந்தி நடக்கும். இரண்டாவதைக் கேள், முதல் பந்தியில் குழந்தைகளின் கூச்சல், எழுந்திரு எழுந்திரு என்று துரத்துவார்கள். மேஜை கூடத்தின் நடுவில் இருக்கட்டும். கப்பலின் முனைகள்தான் ஊஞ்சல் மாதிரி ஏறி இறங்கும், நடுவயிறு அவ்வளவாக ஆடாது. சைவம் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும், மூன்றாம் நாள் சொன்னால் வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும்தான். இரண்டாவது காரியம், மேல்தளத்தில் சாய்வு நாற்காலிக்குப் பெயர்ச் சீட்டு ஒட்டுவது. வலது பக்கமாக எடு. மேற்கே போகிற வரைக்கும் வெயில் இடது பக்கத்தில்தான் காயும். செங்கடலில் வடக்கே திரும்பின பிறகும், சாயங்கால வெயிலுக்கு வலது பக்கம்தான் நிழல். இது தெரியாமல் உன் அப்பா பதினெட்டு நாளும் இடது பக்கத்தில் உட்கார்ந்து முகம் கறுத்து இறங்கினார்.

குளிக்கிற தொட்டியில் வருவது கடல் தண்ணீர். சாதாரண சோப்பு நுரைக்காது, உடம்பெல்லாம் பிசுபிசுக்கும். குறுக்கே ஒரு பலகை போட்டு அதன்மேல் ஒரு பேசினில் நல்ல தண்ணீர் வைத்திருப்பார்கள். அது முகம் கழுவ இல்லை, கடைசியில் மேலே ஊற்றிக்கொள்ள. விடியற்காலையில் முதல் ஆளாகக் குளிக்கிறேன் என்று குளியலறை ஆளிடம் சொல்லி வைத்தால், நல்ல தண்ணீர் இரண்டு பேசின் கிடைக்கும். அப்புறம் காலையில் பதினோரு மணிக்கு மேல்தளத்தில் கோப்பை கோப்பையாகப் பழுப்பு நிறத்தில் சூடாக ஒன்று கொடுப்பார்கள். வாங்காதே. அது மாட்டிறைச்சிச் சாறு. "கிட்டத்தட்ட மிளகு ரசம் மாதிரி இருக்கு, தொண்டைக்கு இதமா இருக்கு" என்று உன் அப்பா இரண்டு நாள் குடித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார். டிசூஸாவிடம் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. உன் அப்பாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. பதினாலு வருஷமாக அந்த ஒரு ரகசியம்தான் எனக்கு ஆறுதல். இப்போது ஒட்டாத உறையில் எழுதிவிட்டேன், அவர் பாடு.

மேற்கே போகப் போக ராத்திரியில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைப்பார்கள். மேலே இருக்கிறவர்களுக்கு அது கொண்டாட்டம், கூட ஒரு மணி நேரம் ஆட்டமும் பாட்டும். கீழே இருக்கிறவளுக்கு அந்த ஒரு மணி நேரம் என்ன என்று உனக்குத் தெரியாது. சூயஸ் கால்வாயைத் தாண்டி, போர்ட் சையத் துறைமுகத்தில் நின்றபோது சின்னப் படகுகளில் வியாபாரிகள் வந்து கப்பலைச் சூழ்ந்துகொண்டார்கள். என் வட்ட ஜன்னலுக்கு வெளியே ஒரு கூடை கயிற்றில் மேலே போயிற்று. உள்ளே தோல் பை ஒன்று. கொஞ்ச நேரத்தில் அதே கூடை காசோடு கீழே இறங்கிற்று. மேலே யார் இழுக்கிறார்கள், கீழே யார் அனுப்புகிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. போர்ட் சையதைப் பற்றி யாராவது என்னைக் கேட்டால் எனக்குத் தெரிந்தது அந்தக் கூடை. எட்டுத் துறைமுகக் கதையை நீ உன் சிநேகிதர்களுக்குச் சொல்லும்போது நான் அடுப்படியிலிருந்து கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்த நரகத்தைத்தான், கண்ணா, நீ ஜெயாவுக்குத் தரப் பார்க்கிறாய். அதுவும் தெரிந்தே. உன் அப்பாவுக்காவது, அந்தக் காலம், மேலதிகாரி, பயம் என்று ஏதோ சொல்லலாம். உனக்கு என்ன? சீமைக்குப் போகிற பையன், தனியாக அனுப்பினால் வெள்ளைக்காரியோடு திரும்பி வருவான் என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அவசர அவசரமாக உனக்குப் பெண் தேடினார்கள். நானும் கூடச் சேர்ந்து ஆடினேன். செம்பூருக்குப் போய் ஜெயாவைப் பார்த்து, பிடித்துப்போய், பேசி முடித்தது நான். அவள் அம்மா என்னிடம், "கடல்ல அவ்வளவு தூரம், கொழந்தை பயப்படுவாளே" என்றாள். "என் பிள்ளை கூட இருக்கான், என்ன பயம்?" என்றேன். பத்தொன்பது வயசுப் பெண். ஒரு காவலாளி மாதிரி உன்னை வெள்ளைக்காரிகளிடமிருந்து காப்பாற்ற அவளைக் கட்டி வைத்தோம். இப்போது அந்தக் காவலாளியை நீ அறையில் பூட்டப் பார்க்கிறாய்.

அவளுக்கு இங்கிலீஷ் வராது என்று வெட்கப்படுகிறாயே, கப்பலில் இங்கிலீஷால் உனக்கு என்ன கிடைக்கும் தெரியுமா? மரியாதையாக ஒரு 'எஸ் சார்'. அதோடு சரி. சமையல் கட்டிலும் பரிமாறுகிற இடத்திலும் குளியலறையிலும் இஸ்திரி அறையிலும் இருப்பவர்கள் டிசூஸா மாதிரி ஆட்கள். அவர்களோடு ஜெயா பேசுகிற பம்பாய் ஹிந்தியில் பேசினால்தான் குழைந்த சாதமும், புளிக்காத தயிரும், நெய்யும் கண்ணில் படும். எனக்கு அறைக்கே வந்ததே, எப்படி என்று நினைக்கிறாய்? 'பாய்சாப், தோடா சாவல் லாவ்' என்று நீ கிண்டல் செய்தாயே, அது கப்பலில் பெரிய மந்திரம். அவள் சொன்னால் உனக்கும் கிடைக்கும். சொல்லாவிட்டால் நீ உன் கம்பெனிக்காரர்களோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்னு.

கடல் ஒத்துக்கொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்யாணமாகிப் பத்தாம் நாள் எல்லாருமாக எலிஃபெண்டா தீவுக்குப் படகில் போனோமே. காற்று எழும்பிப் படகு ஆடியபோது ஜெயா நடுவில் நின்றுகொண்டு வேர்க்கடலை கொறித்தாள். படகு ஓரத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று முனகினது யார்? அவள்தான் உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. நான் பார்த்தேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரியாமல் எதையும் செய்ய எனக்கு இஷ்டமில்லை. இதுவரை எழுதியதை இப்போதுதான் ஜெயாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். மாட்டிறைச்சிச் சாற்றுக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பால்கனியில் நீ சொன்ன இடம் வந்தபோது நான் கொஞ்சம் தயங்கினேன். "படிங்கோம்மா, எனக்குத் தெரியும்" என்றாள். அவளும் கேட்டிருக்கிறாள், அடுப்படி ஜன்னல் பால்கனியைப் பார்த்துத்தானே இருக்கிறது. அதற்கப்புறமும் நேற்று ராத்திரி உனக்குச் சூடாகத் தோசை வார்த்துப் போட்டாள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட வேண்டுமா, பயப்பட வேண்டுமா? எனக்குப் பயம்தான் வந்தது. அவள் முகத்தில் நான் பார்த்தது என் முகம். நானும் அப்படித்தான் வார்த்துப் போட்டேன்.

முழுக்கப் படித்து முடித்ததும் அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, சாப்பாட்டு மணி அடிச்சா எந்தப் பக்கம் போகணும்?" என்று கேட்டாள். "அறைக் கதவைத் திறந்து கூட்டம் போற பக்கம் போ" என்றேன். "அவர் வேண்டாம்னு சொன்னா?" "சொல்லட்டும்." "நீ இருன்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்திண்டு போயிட்டா?" "உள்ளே தாழ்ப்பாள் உன் கைப்பக்கம்தான் இருக்கும்" என்றேன். அவள் தலையாட்டினாள். எழுந்து போய்ப் பெட்டியைத் திறந்து, அடியில் வைத்திருந்த அந்த மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையை எடுத்து மேலே வைத்தாள். முதல் நாள் சாப்பாட்டுக்காம்.

உன்னிடம் நான் சத்தியம் வாங்கவில்லை. சத்தியம் செய்து கொடுத்துவிட்டு மீறுகிற பிள்ளையைப் பெற்றவள் என்ற பெயரும் எனக்கு வேண்டாம். உனக்கு ஒருவேளை வெட்கமாகத்தான் இருக்கும். முதல் நாள் இருக்கும், இரண்டாம் நாள் இருக்கும். அவள் கையால் சாப்பிடுவாள், நீ நாலாபக்கமும் பார்ப்பாய். பார். முதல் துறைமுகமான ஏடன் வருவதற்குள் பழகிவிடும். உன் அப்பா அந்த இரண்டு நாளைப் பொறுத்திருந்தால் அவருக்கும் பழகியிருக்கும், எனக்கும் ஒரு கடல் கிடைத்திருக்கும். லண்டனில் அந்த இரண்டு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே ரொம்பக் குறைச்சல், அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அதெல்லாம் லண்டனில் தொடங்கவில்லை.

நாளை பாலார்டு பியர் கப்பல்துறையில் ஜனங்கள் முண்டியடிப்பார்கள். நான் முன்னால் வரமாட்டேன், பின்னால் தூண் பக்கம் நிற்பேன். நீ கையாட்டுகிறாயா, கைக்குட்டையை வீசுகிறாயா, எனக்கு அக்கறையில்லை. கப்பல் நகரும்போது நான் மேல்தளத்துக் கம்பியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே எனக்கு இரண்டு தலை தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரியும் என்றால், அது ஜெயாவுடையதாக இருக்கட்டும்.

அம்மா